அசனம் போட்ட பிறகும் ஆஸ்பத்திரி

என் ஜெனி அப்பாவுக்கு,

கல்லறைத் திருநாளன்று உங்கள் கல்லறைக்கு வந்தபோது பக்கத்தில் உங்கள் தங்கச்சி நின்றதால் எதுவும் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டீர்கள்.

ஜெனிக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. காலேஜுக்குப் போகிறாள். போன வாரம் மதுரைக்கு வருடாந்திரச் செக்கப்புக்குப் போனோம். இனிமேல் குழந்தைகள் பிரிவுக்கு வர வேண்டாம், பெரியவர்களுக்கான இதய டாக்டரிடம்தான் போக வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். அங்கே அம்மா வந்து பேச முடியாதாம். தன் உடம்புக்கு என்ன என்று அவளே சொல்லப் பழக வேண்டுமாம். "இப்ப என்கிட்ட சொல்லிக் காட்டு பார்ப்போம்" என்றார். நான் வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். எனக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்களுக்குத் தெரியும்.

ஜெனி சொன்னாள்: "பொறந்தப்ப இதயத்துல ஓட்டை இருந்துச்சு. ஒரு வயசுல ஆபரேஷன் பண்ணாங்க. அந்தோணியார் சொகமாக்கிட்டாரு, அசனம்கூடப் போட்டாச்சு. இப்ப எனக்கு ஒண்ணுமில்லை."

அப்புறம் ஏன் வருடா வருடம் இங்கே வருகிறாய் என்று டாக்டரம்மா கேட்டார். நன்றி சொல்லத்தான் என்றாள். அதைத்தானே நாம் சொல்லி வளர்த்தோம்?

அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டபடி ஊருக்கே அசனச் சோறு போட்டோம். முழுச் சுகம் கிடைத்தது என்று பங்குச் சாமியார் பூசையில் அறிவித்தார். அதற்குப் பிறகு வியாதி என்ற சொல்லை எடுத்தாலே அந்தோணியாரைப் பொய்யாக்குவதாகும் என்று நீங்கள் கோபப்படுவீர்கள். ஓட்டையைச் சரி செய்துதான் இருக்கிறோம், முழுக் குணம் என்று இல்லை, ஆயுசுக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார். நீங்கள் தலையாட்டுவீர்கள். வெளியே வந்து, நல்லா இருக்கு என்று மட்டும் பிள்ளையிடம் சொல்வீர்கள். நானும் அப்படியே நம்பத் தொடங்கிவிட்டேன்.

டாக்டரம்மா ஒரு தாளில் இதயத்தை வரைந்து காட்டினார். ஓட்டையை அடைத்தாயிற்று, குறுகலான வழியைப் பெரிதாக்கியாயிற்று. ஆனால் அங்கே இருக்கும் வால்வு இப்போது ஒழுகுகிறது. என்றைக்காவது அதை மாற்ற வேண்டி வரலாம். படபடப்பு, மயக்கம், மூச்சு வாங்கல் என்று எது வந்தாலும் உடனே வர வேண்டும். கல்யாணமாகிப் பிள்ளை பெறுவதாக இருந்தால் அதற்கு முன்பே கேட்க வேண்டும். இதையெல்லாம் என்னிடம் சொல்லவில்லை, அவளிடம்தான் சொன்னார்.

ஜெனி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "மாடிப்படி ஏறுனா எனக்கு மூச்சு வாங்குது டாக்டர். ரொம்ப நாளாவே. சொன்னா விசுவாசம் கொறைஞ்சு போச்சுன்னு ஆயிருமோன்னு சொல்லலை."

அத்தனை நாளும் சோம்பேறிக் கழுதை என்று நான்தானே அவளைத் திட்டினேன்.

திரும்பி வரும்போது திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது கேட்டாள். "அப்ப அந்தோணியார் என்னைய சொகமாக்கலையாம்மா?"

நான் என்ன சொல்வேன்? இல்லை என்றால் நாம் போட்ட அசனம் என்ன? ஆமாம் என்றால் இந்த ஒழுகும் வால்வு என்ன? பிழைக்காது என்ற பிள்ளை என்னைவிட உயரமாக நிற்கிறாள், அதைச் சுகம் என்று சொல்லலாமா, கூடாதா? அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். உங்கள் தங்கச்சியோ, இதை வெளியே சொன்னால் மாப்பிள்ளை கிடைக்க மாட்டான் என்று இப்போதே மிரட்டுகிறாள்.

அன்றிலிருந்து இன்னொன்றும் என்னை அரிக்கிறது. ஆறாம் வகுப்பில் அவளுடைய கிளாஸை மூன்றாவது மாடியில் போட்டதும், பள்ளிக்கூடத்தில் போய்ச் சண்டை போட்டுக் கீழே மாற்ற வைத்தீர்களே. மேலே வெயில் அடிக்கும் என்று என்னிடம் சொன்னீர்கள். வெயிலுக்காகத்தானா? இல்லை, படி ஏறினால் அவளுக்கு ஆகாது என்று உங்களுக்குத் தெரிந்தே இருந்ததா? தெரிந்திருந்தால் என்னிடமாவது சொல்லியிருக்கலாமே. உங்கள் மேல் கோபப்படுவதா, அத்தனையையும் ஒற்றை ஆளாகச் சுமந்தீர்களே என்று அழுவதா? இரண்டையும்தான் மாறி மாறிச் செய்துகொண்டிருக்கிறேன்.

அடுத்த புதன்கிழமை புது டாக்டரைப் பார்க்கப் போகிறோம். ஜெனி மட்டும்தான் உள்ளே போவாள். என்ன சொல்ல வேண்டும் என்று கண்ணாடி முன் நின்று அவளே பேசிப் பார்க்கிறாள். நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். உள்ளே என்ன பேசினாய் என்று துருவிக் கேட்க மாட்டேன். வெளியே வந்து அவள் எதைச் சொன்னாலும் முழுசாகக் கேட்பேன். "உனக்கு ஒண்ணுமில்லைம்மா" என்று மட்டும் இனி என் வாயால் சொல்ல மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் மனைவி,
ஜெனியின் அம்மா
சகாயம்