வானத்தில் எரிந்தது என் ஏற்பாடு அல்ல

அனுப்புநர்:
க. மணவாளன்,
எண்ணெய்க் கடை, சன்னதித் தெரு,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தென்னாற்காடு மாவட்டம், கடலூர்.

பொருள்: முன்னறிவிப்பின்றி வானத்தில் எரிந்து விழுந்த ராக்கெட் துண்டால் என் மகள் கல்யாணம் நாள் குறிக்காமல் நிற்பது – நிவர்த்தி வேண்டுதல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. என் படிப்பு எட்டாவது. வாய் மட்டும் பி.ஏ. அந்த வாயால் வந்த வினையே இம்மனு.

2. சென்ற கார்த்திகையில் என் மகள் குணசுந்தரிக்கும், சிதம்பரம் பாத்திரக்கடை பொன்னுரங்கம் அவர்கள் மகனுக்கும் என் வீட்டில் நிச்சயதார்த்தம். இருட்டியதும் வாணம் விட சாமிக்கண்ணு என்பவரை அமர்த்தியிருந்தேன். தாம்பூலம் மாற்றி எல்லோரும் வாசலுக்கு வந்தபோது, மேற்கே ஒரு தீப்பிழம்பு தோன்றி, பச்சையும் சிவப்புமாகத் துண்டு துண்டாய் உதிர்ந்தபடி, சாமி புறப்பாடு போல் நிதானமாகக் கடல் பக்கம் போயிற்று. தெருவே கைதட்டியது. “யப்பா! இந்த மாதிரி வாணம் நான் பாத்ததே இல்ல சம்பந்தி” என்றார் பொன்னுரங்கம். “எல்லாம் நம்ம ஏற்பாடுதான்” என்றேன். அப்போதுதான் சாமிக்கண்ணு பின்கட்டிலிருந்து வந்து, பற்றவைக்கலாமா என்று என் காதில் கேட்டார். வேண்டாம், போய்ச் சாப்பிடு என்று அனுப்பிவிட்டேன்.

3. கல்லூரியில் விஞ்ஞானம் படிக்கும் என் மகள் மறுநாள் விளக்கினாள். எரிநட்சத்திரம் கண் இமைப்பதற்குள் அணைந்துவிடுமாம். இப்படி நிதானமாக, வரிசையாய் உதிர்ந்து போனால் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த ராக்கெட் துண்டாம். எதன் துண்டு என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடுவார்களாம். எப்போது, எங்கே விழும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான் கஷ்டமாம். மேலே காற்று ஒரு நாள் போல் ஒரு நாள் இருப்பதில்லையாம்.

4. தையில் சிதம்பரத்தில் கல்யாணம். அதே வாணம் வரப்போகிறது என்று சம்பந்தி நான்கு வீதியிலும் சொல்லிவிட்டார். நேரில் போய் உண்மையைச் சொன்னேன். “செலவு பண்ண மனசில்லன்னா நேரா சொல்லுங்க சம்பந்தி, ராக்கெட்டு மேல எதுக்குப் பழி போடுறீங்க?” என்கிறார். வாணத்துக்கு வழி சொன்னால்தான் முகூர்த்தம் குறிப்பாராம். பெண்ணும் பிள்ளையும் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

5. ஆகவே, தையில் சிதம்பரத்துக்கு மேல் அடுத்த துண்டு எரியும் நாளை விசாரித்துச் சொன்னால் அன்றே கல்யாணத்தை வைத்துக்கொள்கிறேன், ராகுகாலமானாலும் சரி. அது இயலாதெனில், தாங்கள் சிதம்பரத்துக்கு முகாம் வரும்போது, அது மணவாளன் விட்ட வாணமல்ல என்று சம்பந்தியிடம் ஒரு வார்த்தை சொல்லி, நாள் குறிக்கச் செய்ய வேண்டுகிறேன். அவர் மிக அழகாகப் புகழக்கூடியவர். அதில் மயங்கி, அது சர்க்கார் ஏற்பாடு என்று மட்டும் தாங்கள் ஒப்புக்கொண்டுவிடலாகாது.

இடம்: திருப்பாதிரிப்புலியூர்
நாள்: 23-12-1968

தங்கள் பணிவுள்ள,
க. மணவாளன்
(பெண்ணின் தகப்பன்)