சைக்கிள் கோட்டைத் தாண்ட அனுமதி

அன்புள்ள டோரீனுக்கு,

டொராண்டோவில் உன் கிளாரன்ஸ் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

சைக்கிள் பாதையை விட்டு ரோட்டில் இறங்கமாட்டேன் என்று உனக்குச் செய்த சத்தியத்தைக் காப்பாற்றி வந்தேன். அதனால்தான் செவ்வாய்க்கிழமை விழுந்தேன். பயப்படாதே, மணிக்கட்டில் கொஞ்சம் வீக்கம்; பேக்கரியில் மாவு பிசைய மற்றொரு கை இருக்கிறது. இங்கே சைக்கிள் பாதை என்பது ரோட்டோரம் போட்ட ஒரு கோடுதான்; நிறுத்திய கார்களை ஒட்டியே போகிறது. ஓர் அம்மாள் திரும்பிப் பாராமல் கார்க் கதவைத் திறந்தாள். நான் கதவைக் கட்டிப்பிடித்து, அப்படியே ரோட்டில் சரிந்தேன்.

"ஏன் சார் ஓரமா வர்றீங்க? நடு ரோட்டுல வந்தா கண்ணுக்குத் தெரியுமில்ல!" என்றாள்.

பின்னால் பிரேக் போட்ட பஸ்காரன், "யோவ் பெருசு, கோடு போட்டுக் குடுத்திருக்கில்ல, அதுக்குள்ள விழக்கூடாதா?" என்றான்.

இனி ரோட்டிலேயே ஓட்ட அனுமதி கொடு. வேட்டைக்குப் போடும் என் ஆரஞ்சு சட்டையையும் அனுப்பு, தூரத்திலிருந்தே தெரியும். துவைக்க வேண்டாம், நம் வீட்டு வாசனை இருக்கட்டும்.

உன் பதில் வரும்வரை நடந்தே வேலைக்குப் போகிறேன். நாற்பது நிமிஷமும் மனசுக்குள் உன்னோடு இதே வாதம்தான். ஒருநாள்கூட நான் ஜெயிக்கவில்லை.

ரொட்டி கருகுகிறது, ஓடுகிறேன்.

உன் கிளாரன்ஸ்