கண் படத்தை அமுக்கிய விவரம்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல எதிர்வீட்டு டைப்பிங் டீச்சர் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே என் காலும் காதும் சுகம், உன் அம்மாவின் வாய் ரொம்பவே சுகம், அவள் கண்தான் சுகமில்லை. போனில் பேசினால் சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்றுதான் டீச்சரைப் பிடித்தேன்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. போன புதன்கிழமை வாசலில் நின்ற என்னையே, அவர் வெளிய போயிருக்கார், அப்புறம் வாங்க என்று அனுப்பிவிட்டாள். ஆபரேஷன் செய்கிற டாக்டர் நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கு மாதத்துக்கு ஒரு நாள்தான் வருகிறார். நேரில் போய்க் கேட்டால் கவுன்ட்டர் பெண், எல்லாம் வெப்சைட்லதான் தாத்தா, ரொம்ப ஈஸி என்றாள். அது உன் கம்பெனியில் நீ செய்த பக்கம் என்பதால் அம்மாவுக்கு ஒரே பெருமை, என் பொண்ணு செஞ்சதுக்கு இன்னொருத்தர் உதவி எதுக்கு, நானே அமுக்கிக்கிறேன் என்றாள். விரல் வைத்த இடத்தை வாய்விட்டுப் படிக்கிற வசதியை அவள் போனில் போட்டுக் கொடுத்தாயே, அது செய்தியெல்லாம் அழகாகப் படிக்கும். உன் பக்கத்துக்கு வந்ததும் என்ன ஆனதோ, பட்டன், பட்டன், படம், பட்டன் என்று தையல்கடை மாதிரி அடுக்கிக்கொண்டே போனது.

அவளுக்கு எழுத்து தெரியும், கண் தெரியாது. எனக்குக் கண் தெரியும், எழுத்து தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் என்று உட்கார்ந்தோம். அவள் பாஸ்வேர்டு அடித்த பெட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் படம். கண் டாக்டர் கிடைச்சாச்சு என்று அமுக்கினேன். புள்ளி புள்ளியாக இருந்தது எழுத்தாக மாறியது, திரும்ப அமுக்கினால் மறுபடியும் புள்ளி. பதினோரு தடவை அமுக்கியும் டாக்டர் வரவில்லை. உங்கள் நேரம் முடிந்தது என்பதை மட்டும் போன் தெளிவாகப் படித்தது.

மறுபடியும் உள்ளே போனால் வரிசையாகப் படங்கள். அதில் முட்டை வடிவத்தில் ஒரு வட்டம், நடுவில் கறுப்பாக ஏதோ. இதுதான் கண் என்று அமுக்கினேன், தேதியும் கிடைத்தது, காபி போட்டுக் கொண்டாடினோம். மறுநாள் நர்ஸ் போன் செய்து எத்தனை மாசம்மா என்று கேட்டாள். அம்மா, மாசமா, ரெண்டு வருஷம் ஆச்சு, இவர்தான் இழுத்தடிச்சுட்டார் என்றாள். வயசு கேட்டாள், எழுபத்தொண்ணு என்றாள். நர்ஸ் வயசை இன்னொரு தடவை கேட்டாள். அப்புறம்தான் தெரிந்தது, அது வயிற்றுக்குள் குழந்தை இருக்கிற படமாம், நான் பிரசவ வார்டில் இடம் பிடித்திருக்கிறேன். நர்ஸ் அதை எடுத்துவிட்டாள், ஆனால் கண் டாக்டரின் இந்த மாத நாள் அதற்குள் நிரம்பிவிட்டது. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சிரித்து முடித்துவிட்டு மேலே படி. போன வருஷம் நீ வந்திருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை, தலையில் ஈரத் துண்டோடு ஆபீஸ் ஆளிடம் போனில் பேசினாய். படத்துக்கெல்லாம் பேர் அப்புறம் வெச்சுக்கலாம், கேட்டுப் படிக்கிறவங்க எத்தனை பேர் இருக்கப் போறாங்க என்றாய். எழுதி வைக்கத் தெரியாதவன் எல்லாவற்றையும் மனசில்தான் வைக்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு அம்மா பக்கத்து அறையில் உன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் தானே பதிவு செய்து தருவதாகச் சொன்னார். அம்மா கேட்கவில்லை. என் பொண்ணு செஞ்சது சரியாத்தான் இருக்கும், நீங்கதான் கண்டதையும் அமுக்கினீங்க என்கிறாள். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த பதிவு இருபதாம் தேதி காலை பத்து மணிக்குத் திறக்கிறது. அதற்குள் ஒவ்வொரு படத்துக்கும் போன் படிக்கிற மாதிரி பேர் வை, நேரத்தையும் கொஞ்சம் நீட்டிக் கொடு. முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு நீயே ஒரு கண் டாக்டரைப் பிடித்துப் பார். பிரசவ வார்டில் போய் நின்றாயானால் எங்களுக்குச் சந்தோஷம்தான், ஆனால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க ஆசீர்வாதம். இருபதாம் தேதி, காலை பத்து. மறக்காதே. அம்மாவிடம் சும்மா சுகம் விசாரித்திருக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன், கையெழுத்துப் போட இப்போதுதான் வந்தாள்.

இப்படிக்கு, உன் அப்பா. கைரேகை என்னுடையது. பக்கத்தில் இருப்பது அம்மாவின் கையெழுத்து. அதில் பாதிதான் தாளில் இருக்கிறது, மீதி டீச்சரின் மேஜைமேல்.