ஹியூபேட் ஒட்டிய கட்டை

பஹ்ரேன்

அன்புள்ள ஐறீனுக்கு,

மாதாவின் காவலில் நான் சுகம். கொட்டாஞ்சேனையில் நீரும் மகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். உம்முடைய தம்பி ஹியூபேட்டுக்காக வேண்ட மனம் வரவில்லை.

விமான நிலையத்தில் அவன் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறதா? "அத்தான், கித்தாரிலை கம்பியளுக்குக் கீழை இருந்த கட்டை கழண்டு விழுந்தது. வடிவா ஒட்டி விட்டனான். விரல் நோகாமல் மெல்லிய கம்பியும் போட்டனான்."

அவசரத்தில் நான் காதில் வாங்கவில்லை. இங்கே ஹோட்டலில் வாசிக்க எடுத்தபோதுதான் தெரிந்தது. என்னுடையதைப் போல மேற்பலகை வளைந்த ஆர்ச்டொப் கித்தாரில் அந்தக் கட்டையை ஒருவரும் ஒட்டுவதில்லை. கம்பிகளின் இறுக்கத்தில்தான் அது நிற்கும். அதன் திருகாணிகளைத் திருகித்தான் கம்பிகளை உயர்த்துவேன். அந்த மடையன் திருகாணிகளுக்கும் பசை பூசியிருக்கிறான். கம்பிகள் தாழ்ந்து கிடந்து மீன் கடையில் மொய்க்கும் இலையான் மாதிரி இரைந்தன. நடனமாட வந்தவர்கள் சிரித்தார்கள். சமையலறைக் கத்தியால் பசையைச் சுரண்டிக் கட்டையை எடுத்தேன். கையில் சின்னக் கீறல்தான், பயப்பட வேண்டாம்.

அலுமாரியில் இருக்கும் பதின்மூன்றாம் நம்பர் தடித்த கம்பிகளை அனுப்பும். அவற்றை உயர்த்திக் கட்டினால்தான் கடைசி மேசைக்கும் கேட்கும். மகளின் படம் ஒன்றும் வையும், அழுகிற படமானாலும் பரவாயில்லை.

மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். நம்முடைய கட்டிலின் கால் ஆடுகிறது, தம்பி வந்து இறுக்குவான் என்று எழுதியிருந்தீர். அவன் அதைத் தொடக்கூடாது. நான் வரும்வரை ஆடட்டும்.

சிறில்