மிலுஷெ எழுந்து சொன்னது

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பிராகில் நான் நலம்.

நேற்று நீதிமன்றத்தில் ஓர் ஆங்கிலேயர், வேலை இருப்பதாக வாடகை வீட்டின் சொந்தக்காரியிடம் "ஃபிப்" சொன்னதை ஒப்புக்கொண்டார். குழந்தைகள் சொல்வது போன்ற சின்னப் பொய். என்னோடு மொழிபெயர்க்கும் மிலுஷெ அவசரத்தில் அதை "பொத்வோத்" என்றார். நம் செக் மொழியில் அது மோசடி, சிறைக்குரிய குற்றம். நீதிபதியும் அதையே தட்டச்சருக்குச் சொல்லிவிட்டார்.

மிலுஷெ எழுந்தார். "ஐயா, தப்பு என்னோடது. அவர் சொன்னது வெறும் 'லெஷ்', பொய். நான்தான் பெருசாக்கிட்டேன். மாத்திடுங்க."

"இத்தனை வருஷ அனுபவத்துல இப்படியாம்மா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார்.

"உங்க பேச்சை மொழிபெயர்க்கறதுன்னா கவலையே இல்ல வக்கீல் சார். எந்த வார்த்தை போட்டாலும் பொருந்தும்."

நீதிபதியே சிரித்துவிட்டார். வார்த்தை மாறியது. மிலுஷெ உட்கார்ந்ததும் காலித் தம்ளரை எடுத்துக் குடித்ததை நான் மட்டும் பார்த்தேன். அத்தனை பயத்தோடு எழுந்திருக்கிறார்.

முடிந்தால் பிளம் ஜாம் அனுப்புங்கள். தனியாகச் சாப்பிடும்போது கடை ஜாம் இறங்கவில்லை.

நாளை முதன்முறையாக மிலுஷெ இல்லாமல் மொழிபெயர்க்கிறேன். தவறினால் நானும் எழ வேண்டும். காலையில் எனக்கு நல்லபடியாக நடக்க, நம் வழக்கப்படி கட்டைவிரல்களை மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அவசரத்தில்,
உங்கள் ரட்கா