சாரமில்ல என்று சொன்ன டீச்சருக்கு

டீச்சர்,

பக்கத்து வீட்டில் பாசிப்பயறு வறுக்கிறார்கள். நிறம் மாறி லேசாகக் கருகப் போகிற நேரத்து வாசம். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். சாத்தினாலும் வருகிறது. முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்குத்தான் வறுக்கிறார்கள். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் உணவுத் திருவிழாவாம். என்னிடமும் இரண்டு பிள்ளைகள் கேட்டு வந்தார்கள். கை நடுங்குகிறது, முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கை நடுங்கவில்லை டீச்சர்.

நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். இலஞ்சியில் என் வயதுக்காரிகள் கைநாட்டு வைத்தபோது நான் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெருமை எனக்கு எப்போதும் உண்டு. இந்தக் கடிதத்தையும் யாரையும் வைத்து எழுதவில்லை. பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் தருவீர்கள். இனி அதற்கும் வழியில்லை.

உங்களை முதலில் பார்த்தது குற்றாலத்தில். சீசன் நேரம், ஒரு சனிக்கிழமை. வெளியூரிலிருந்து வந்த சம்பந்தி வீட்டாரை மெயினருவிக்குக் குளிக்கக் கூட்டிப் போயிருந்தேன். வழியில் இருபது பெண்பிள்ளைகள் குனிந்து ஷாம்பு பாக்கெட்டும் எண்ணெய் பாக்கெட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் பேத்தி. விருந்தாளிகள் முன்னால் எனக்கு மானம் போய்விட்டது.

"ஏட்டி, ஊரான் தேச்சுக் குளிச்ச குப்பைய அள்ளவா ஒன்னப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதோம்?"

அவள் வாய் திறப்பதற்குள் நீங்கள் வந்தீர்கள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தீர்கள், கையில் ஈரச் சாக்கு. "ஆச்சி, இன்னொரு சாக்கு கெடக்கு, எடுத்துத் தரட்டா?" என்று கேட்டீர்கள். சம்பந்தி வீட்டார் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். சாக்கை வாங்கவில்லை. ஆனால் உங்களைப் பிடித்துப்போனது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் உங்கள் பேச்சுதான். நீங்கள் நடத்துகிற சனிக்கிழமை மன்றத்தில் என்ன செய்தார்கள் என்று அவள் சோறு ஆறுகிற வரைக்கும் சொல்வாள். குளத்துக்கு வந்த கொக்கையும் நாரையையும் பிரித்துப் பார்த்தார்களாம். தென்காசிக் கோபுரத்தின் நிழலை நூல் பிடித்து அளந்து, ஏறாமலே அதன் உயரத்தைச் சொன்னார்களாம். மறுநாள் அவள் எங்கள் வீட்டுத் தென்னையின் நிழலை அளந்தாள். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுப் பிள்ளை என்று தெருவுக்கே கேட்கச் சொன்னேன்.

அந்த வருடம்தான் என் மகனுக்குக் கால் முறிந்தது. கேரளாவுக்குச் சரக்கு ஏற்றிப்போனவன், புளியறைக்கு அந்தப்பக்கம் லாரி சரிந்து, எலும்பு நொறுங்கி வீட்டில் வந்து படுத்தான். நீங்கள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தீர்கள். அவன் கட்டியிருந்த சாரம் முட்டிக்குக் கீழே கிழிந்திருந்தது. உங்களைப் பார்த்ததும் போர்வையை இழுத்து மூடினான். எங்கள் பக்கம் ஆம்பிளைகள் கட்டுகிற கைலியைச் சாரம் என்றுதான் சொல்வோம். நீங்கள் அதைப் பார்த்தீர்களா என்று அன்றைக்கு முழுக்க எனக்கு உறுத்தல்.

பிறகு உணவுத் திருவிழா வந்தது. சுற்றுலாவுக்குக் காசு கட்ட முடியாத பிள்ளைகளுக்காக நடத்துகிறோம், உங்க முந்திரிக்கொத்து இல்லாம கடையே போட மாட்டோம் என்று நீங்களே வந்து சொன்னீர்கள். நான் பயறு வறுத்து, பாகு காய்ச்சி, இரண்டு நாள் அடுப்படியை விட்டு நகரவில்லை. மருமகள் ஜவுளிக்கடை வேலைக்கு லீவு போட்டுக் கூட நின்றாள். அதோடு விட்டேனா? பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நின்று நானே கூவி விற்றேன். "வாங்குங்கம்மா, இல்லாதப்பட்ட பிள்ளையளுக்குப் போவுது, புண்ணியமுண்டு." நீங்கள் அப்போது தூரத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் முகம் ஒரு மாதிரி இருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

சுற்றுலா திருவனந்தபுரத்துக்கு. கோளரங்கமும் கடலும். என் பேத்தி கடல் பார்த்ததில்லை. அதுவரைக்கும் அவள் சுற்றுலாப் பேச்சையே எடுக்கவில்லை, அப்பா படுத்திருக்கும் வீட்டில் எடுக்கக் கூடாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. ஒரு நாள் சாயங்காலம் ஓடிவந்து கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளை நீட்டினாள். மற்ற ஆச்சிமார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பார்கள். நான் வாசிக்கத் தெரிந்தவள் ஆயிற்றே. ஒவ்வொரு வரியாக வாசித்தேன். கீழே, கட்டணம் என்று அச்சடித்த இடத்துக்கு நேராக உங்கள் கையெழுத்தில் 'செலுத்தப்பட்டது' என்று இருந்தது.

நாங்கள் செலுத்தவில்லை.

மறுநாள் பள்ளி விடும் நேரம் வாசலுக்கு வந்தேன். ஆட்டோக்காரர்கள், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார், எல்லாரும் நின்றார்கள். என் பேத்தி உங்கள் பக்கத்தில் நின்றாள். நான் குரலைத் தணிக்கவில்லை.

"யாரு கட்டுனது?"

"ஆச்சி, யாருக்குன்னு நாங்க பேரு எழுதுறதே கிடையாது. திருவிழாவுல வந்ததுதான். நீங்க செஞ்சதும் அதுல இருக்கு."

"அப்போ அந்த இல்லாதப்பட்ட பிள்ள எம் பேத்தி. என்னயவே செய்யச் சொல்லி, என்னயவே கூவ வச்சு வேடிக்க பாத்திருக்கிய."

தாளை நாலாகக் கிழித்துப் போட்டேன். நீங்கள் குனிந்து அதைப் பொறுக்கினீர்கள். பொறுக்கிக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்த்து, மெதுவாக, "சாரமில்ல ஆச்சி, சாரமில்ல" என்றீர்கள்.

எனக்குக் காதுக்குள் ஆணி அடித்ததுபோல் இருந்தது. கட்டுவதற்கு ஒரு நல்ல சாரம் இல்லாத வீட்டுக்கு இத்தனை வீம்பா என்று கேட்கிறீர்கள் என்றுதான் விழுந்தது. போர்வைக்குள் என் மகன் ஒளித்ததை நாலு பேர் முன்னால் விரித்துப் போட்டுவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

"எங்க வீட்டுச் சாரத்தப் பத்தி நீங்க பேசாதீங்க" என்றேன். உங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. புருவம் சுருங்கியது. பிறகு ஏதோ பிடிபட்டதுபோல் வாயைத் திறந்தீர்கள். சொல்லத்தான் வந்தீர்கள். நான் விடவில்லை. கல்யாணம் கழிந்து பதினைந்து வருடமாக உங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது ஊருக்கே தெரியும். "பெத்திருந்தால்லா பிள்ள அரும தெரியும்" என்றேன்.

திறந்த வாயை மூடிக்கொண்டீர்கள். கிழிந்த தாள் உங்கள் கையில் இருந்தது. உள்ளே போய்விட்டீர்கள்.

சுற்றுலா அன்று விடியக்காலையில் பள்ளிக்கூடத்து பஸ் எங்கள் தெரு முனை வழியாகத்தான் செங்கோட்டை ரோட்டுக்குத் திரும்பியது. பிள்ளைகள் பாடிய சத்தம் கேட்டது. பேத்தி தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நிற்கவில்லை. திரும்பி வந்ததும் நீங்கள் ஒரு சின்னப் போத்தலில் கடல் மணல் கொடுத்துவிட்டிருந்தீர்கள். அதையும் கொண்டுவந்த பிள்ளையிடமே திருப்பி அனுப்பினேன். சனிக்கிழமை மன்றத்துக்குப் போகக் கூடாது என்றேன். போகவில்லை. எதற்கும் போகவில்லை.

அடுத்த ஆடியில் உங்களுக்கு மஞ்சள் காமாலை என்று கேள்விப்பட்டேன். பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றாள் மருமகள். போய்ப் பார்த்து வருவோமா என்று அவள் கேட்டபோது, அடுப்பில் குழம்பு பொங்குகிறது என்று எழுந்துபோனேன். நான்காம் நாள் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து பாதி நாளில் வந்தாள். லீவு விட்டுவிட்டார்கள் என்று மட்டும் சொன்னாள்.

பதினாறாம் நாள் செங்கோட்டையில் உங்கள் வீட்டுக்கு நான் மட்டும் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் தெரியாது. உங்கள் அம்மா காப்பி கொடுத்தார்கள். வாங்கும்போது கை தவறி, படத்துக்கு முன்னால் விரித்திருந்த வெள்ளைத் துணி முழுக்கக் கொட்டிவிட்டது. நான் பதறி எழுந்தேன். அந்த அம்மா துணியை ஒற்றிக்கொண்டே, "சாரமில்ல, சாரமில்ல" என்றார்கள்.

அதே குரல் டீச்சர்.

"என்னம்மா சொன்னிய?" என்று கேட்டேன்.

"பரவால்லன்னு சொன்னேன். நாங்க ஆரியங்காவுப் பக்கத்துக்காரங்க, பழைய மலையாளம் வாயை விட்டுப் போக மாட்டேங்குது. இவளுந்தான். வகுப்புல எதுக்கெடுத்தாலும் சாரமில்ல, சாரமில்லன்னு சொல்லுவாளாம். பிள்ளைங்க, கைலி இல்லையா டீச்சர்னு கேலி பண்ணுமாம். வந்து சொல்லிச் சிரிப்பா."

நான் எப்படி பஸ் ஏறினேன் என்று நினைவில்லை.

வீட்டுக்கு வந்து பேத்தியிடம் சொன்னேன். அன்றைக்கு வாசலில் டீச்சர் சொன்னதற்கு அர்த்தம் இது என்று. அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும் ஆச்சி."

"ஏட்டி, பொறவு ஏன் சொல்லல?"

"டீச்சர் பேரையே எடுக்கக் கூடாதுன்னு சொன்னியள்லா."

அவ்வளவுதான். பக்கத்தைத் திருப்பி எழுத ஆரம்பித்தாள். இப்போதும் நன்றாகத்தான் படிக்கிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். சோறு ஆறுகிற மாதிரி ஒரு கதையும் சொல்வதில்லை. அவள் அப்பா கால் எலும்பு கூடி வேலைக்குப் போகிறான். போன மாதம் எல்லாரும் திருச்செந்தூர் போவோம், கடலைப் பார்த்துவிட்டு வருவோம் என்று கூப்பிட்டான். எனக்குப் பரீட்சை இருக்கு, நீங்க போயிட்டு வாங்க என்றாள். பரீட்சை இல்லை. எனக்கு வாசிக்கத் தெரியும், கால அட்டவணை சுவரில்தான் ஒட்டியிருக்கிறது.

எங்கள் ஊரில் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. அது பேப்பரில் வருகிற வார்த்தை. தப்பாக ஒன்று பேசிவிட்டால், ரெண்டு நாள் கழித்துப் போய், ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்து, 'மனசுல வச்சுக்கிடாதிய' என்போம். அதோடு தீர்ந்துவிடும். உங்களிடம் அதைச் சொல்ல எனக்கு எத்தனையோ மாதம் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோகிற தூரம்தான்.

நீங்கள் அதை மனசில் வைத்துக்கொண்டுதான் போனீர்களா, அன்றைக்கே உதறிவிட்டீர்களா என்று உங்கள் அம்மாவிடம் கேட்க நினைத்தேன். கேட்டால், நான் என்ன சொன்னேன் என்பதைச் சொல்ல வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம், பெற்றிருந்தால்தானே அருமை தெரியும் என்று உங்களைப் பார்த்துச் சொன்னவள் நான் என்று எந்த வாயால் சொல்வேன்? காப்பித் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன். சொன்னது என்னிடம்தான் இருக்கிறது டீச்சர். இறக்கிவைக்க இடமில்லை.