குண்டில் ஓட்டை போடாதே

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் கை கால் முழுசாகச் சுகம். நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் போகும்போது அப்பா துண்டில் சுற்றிக் கொடுத்தாரே பித்தளைக் குண்டு, அதைத் தொடாதே, நகர்த்தாதே, தூசிகூடத் தட்டாதே. ஏன் என்று கேட்பாய், உனக்கு எல்லாவற்றுக்கும் ஏன் வேண்டும், அதனால் விவரமாக எழுதுகிறேன், பாதியில் மடித்து வைக்காமல் படி.

அப்பா காவல் பார்க்கிற பழைய பட்டாள முகாமில் நினைவுத் தூணைச் சுற்றிப் பீரங்கிக் குண்டுகளை நட்டுச் சங்கிலி கோத்திருக்கிறதே, அதன்மேல் ஏறி உட்கார்ந்துதான் நீயும் அக்காவும் மிட்டாய் தின்று வளர்ந்தீர்கள். வருஷா வருஷம் அப்பா அதைச் சுத்தியலால் தட்டிப் பழைய பெயிண்டைச் சுரண்டிப் புதுசு அடிப்பார். எல்லாம் வெறும் கூடு என்றுதான் ஊரே நினைத்திருந்தது. இப்போது அங்கே அந்தக் காலத்தில் நடந்த சண்டையில் எந்தப் படை எங்கே நின்றது, யார் எங்கே விழுந்தார்கள் என்று எழுதிப் புதுப் பலகைகள் நடப் போகிறார்கள். குழி வெட்டுமுன் மண்ணுக்குள் பழைய வெடி ஏதும் கிடக்கிறதா என்று சோதிக்கப் பட்டாளத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மண்ணில் ஒன்றும் இல்லை. வேலை முடிந்து தூணுக்குப் பக்கத்தில் சிகரெட் பற்ற வைக்கப் போனவர், ஒரு குண்டின் மூக்கை உற்றுப் பார்த்துவிட்டுத் தீப்பெட்டியை அப்படியே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாராம். எல்லாரும் மெதுவா நடந்து வெளிய போங்க, ஓடாதீங்க என்று மட்டும் சொன்னாராம். உள்ளே மருந்து அப்படியே இருக்கிறதாம். அப்பாவுக்கு அங்கேயே முகம் செத்துவிட்டது. சங்கிலி மாற்றிய வருஷம் மிஞ்சிய இரண்டு சின்னக் குண்டுகளை ஆபீசில் அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள் அல்லவா, ஒன்று நம் பின்கதவுக்கு முட்டு, இன்னொன்று உன்னிடம்.

அதிகாரியும் அப்பாவும் வீட்டுக்கு வந்தபோது அக்காவின் குழந்தை அந்தக் கதவோரம் பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே பேய்க்காற்று, கதவு அடித்து அடித்து அந்தக் குண்டை ஆட்டுகிறது. அதிகாரி ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, அம்மா நீங்க மட்டும் வாங்க, பிள்ளைய தூக்குங்க, சத்தம் போடாதீங்க என்றார். எப்படித் தூக்கினேன், எப்படித் தெருவுக்கு வந்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.  அதை மணல் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்ப் பொட்டல் காட்டில் குழிக்குள் வெடிக்க வைத்தார்கள். நம் தெருவில் பாதி வீட்டு ஜன்னல் கண்ணாடி இல்லை. இத்தனை வருஷமாக அதைக் காலால் தள்ளித்தான் நான் கூட்டிப் பெருக்கினேன்.

அப்போதுதான் உன் போன கடிதம் என் நெஞ்சில் அடித்தது. அந்தக் குண்டில் ஓட்டை போட்டு மேஜை விளக்காக்கப் போகிறேன், எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன் என்று எழுதியிருந்தாயே. நான் சொல்லி வாய் மூடவில்லை, அப்பா தந்தி ஆபீசுக்கு ஓடினார். ஓடியவர் என்ன கொடுத்தார் தெரியுமா? குண்டில் ஓட்டை போடாதே, அப்பா. அவ்வளவுதான். தந்தி என்றால் இந்த மனுஷனுக்கு வார்த்தை வராது, செத்தவர் வீட்டுக்கும் இப்படித்தான் கொடுப்பார். ஏன் என்று ஒரு சொல் சேர்த்தால் கை தேய்ந்தா போகும் என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.  சாயங்காலம், தூணைச் சுற்றியிருந்த குண்டுகளையும் எடுத்துப் போன பிறகு, தூணில் செத்தவர் பெயர்களுக்குக் கறுப்பு பூசப் போன அப்பா பாதியிலேயே திரும்பி வந்துவிட்டார். இத்தனை நாளா பேரை மட்டுந்தான் படிச்சேன், இன்னிக்குத்தான் வயச படிச்சேன், எல்லாம் நம்ம பய வயசு என்றார்.

இதுவரை எழுதிவிட்டு அடுப்பை அணைக்க எழுந்தேன், உன் பதில் தந்தி வந்தது. ஓட்டை போட்டாயிற்று, விளக்கு நன்றாக எரிகிறது, கோபம் வேண்டாம் என்று. அடப்பாவி, யாருக்கடா கோபம்! அன்பளிப்பைக் கெடுத்துவிட்டாய் என்று அப்பா முறைத்துக்கொண்டார் என்றா நினைத்தாய்? அதிகாரியிடம் காட்டினோம். காலிக் கூடா இருந்தா பிழைச்சோம், இல்லைன்னா அந்த பல்பு சூடு அதுக்கு ஆகாது என்றார். உங்கள் ஊர்ப் போலீசுக்கு அவரே தந்தி கொடுத்திருக்கிறார். அப்பா உனக்கு இன்னொரு தந்தி, இந்தத் தடவை பக்கம் பக்கமாகக் கொடுத்துவிட்டு, மாற்றுச் சட்டைகூட எடுக்காமல் ரயிலேறிவிட்டார்.

எது முந்தி வரும் என்று தெரியாமல் இதையும் தபாலில் போடச் சொல்லி அக்காவிடம் கொடுக்கிறேன். இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று போலீசிடம் வாதாடாதே, சொன்னதைக் கேள். என் ஆயுசும் சேர்த்து உனக்கு இருக்கட்டும் சாமி. இந்தக் கடிதம் உன் கையில் இருந்தால் நீ இருக்கிறாய். எந்த விளக்கு வெளிச்சத்தில் இதைப் படிக்கிறாய் என்று பார். அதுவாக இருந்தால் கடிதத்தை அங்கேயே போட்டுவிட்டு எழுந்து வெளியே போ, கண்ணு.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்,
அம்மா